மூணு கால் போட்டாத்தான் பின்னல்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு சபை இருந்துச்சாம். அந்தச் சபைக்கு ஒரே ஒரு வாசலாம். உள்ள போறதுக்கும் அதுதான், வெளிய வர்றதுக்கும் அதுதானாம்.

சிரிக்காதீங்க அண்ணாச்சி. எங்க தாத்தா கதை சொன்னா இப்படித்தான் ஆரம்பிப்பார், அந்தப் பழக்கம். நீங்க கேட்டது சாதாரணக் கேள்விதான். உங்க மகளும் என் தங்கச்சியும் பரீட்சைக்கு உள்ள போனதைப் பார்த்துட்டு, "அந்தக் கிராப்பு வெட்டின பிள்ளைக்கு என்ன தம்பி, திருச்செந்தூர் மொட்டையா, டைபாய்டா"ன்னு கேட்டீங்க. ரெண்டும் இல்லை. நாங்க வேதக்காரங்க, எங்களுக்கு மொட்டை கிடையாது. காய்ச்சலும் வரல. ஆனா 'ரெண்டும் இல்லை'ன்னு சொல்லிட்டு நிறுத்த முடியல. எனக்கு நேரா பதில் சொல்ல வராது, கதையாத்தான் வரும். பரீட்சை முடிய நேரம் கிடக்கு. வெயில் இந்தப் பக்கம் வரல. நீங்க உம் கொட்டினா போதும். உம் கொட்டலைன்னா எங்க தாத்தா பாதியிலேயே துண்டை உதறிட்டு எந்திச்சிருவார். "உம் நின்னா கதையும் நின்னிரணும்லே"ன்னுவார்.

என் பேரு யாபேஸ். ஏரல்ல ஒரு மொபைல் கடையில நிக்கிறேன். ஸ்கிரீன் கார்டு ஒட்டுறது, சார்ஜர் விக்கிறது. கடைக்கு வர்ற ஆளுங்க எல்லாரும் என்கிட்ட ரெண்டு தடவை "என்ன சொன்ன?"ன்னு கேட்பாங்க. என் சத்தம் அவ்வளவுதான். நீங்களும் கொஞ்சம் கிட்ட வந்துக்கோங்க.

எங்க சபை தகரக் கூரை போட்ட சபை. பாஸ்டர் பேரு எஸ்றா. நல்ல மனுஷன். அதை முதல்லயே சொல்லிடுறேன், இல்லைன்னா பின்னாடி நீங்க அவரை வைய ஆரம்பிச்சிருவீங்க. எங்க அப்பா பெரியாஸ்பத்திரியில கிடந்தப்ப சொந்தக்காரங்க எல்லாம் ஆப்பிள் வாங்கிட்டு வந்து பார்த்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. பாஸ்டர் மட்டும் வராண்டாவுல பேப்பரை விரிச்சுப் படுத்துக் கிடந்தார். அப்பா வாந்தி எடுத்தா கையால ஏந்துவார். முகத்தைச் சுளிக்க மாட்டார். அப்பாவை அடக்கம் பண்ணி முடிச்சதும் எங்க அம்மா அவர் சபைக்குப் போனாங்க. போற அன்னைக்கே காதுல கிடந்த கம்மலைக் கழற்றி ஒரு டப்பாவுல போட்டு பீரோவுல வச்சாங்க. ஏன்னா அது நகை போடாத சபை.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க பக்கம் வேதக்காரங்கள்ல நகை போடுற சபை, போடாத சபைன்னு உண்டு. பொண்ணு பார்க்க வந்தா முதல் கேள்வியே அதுதான். போடாத சபைன்னா பொட்டு நகை இருக்காது, தாலி கூட கிடையாது. பெண்கள் முடியைப் பின்னுறது, பொன் போடுறது, விலை கூடின துணி உடுத்துறது, இந்த அலங்காரமெல்லாம் வேண்டாம்னு வேதத்துல ஒரு வசனம் இருக்கு. அதுல இருந்து வந்தது. எங்க பாஸ்டருக்குக் குழப்பமே கிடையாது. "எழுதியிருக்கா, செய். எழுதலையா, விடு. நடுவுல உன் மூளையைப் போட்டுக் கலக்காத"ன்னுவார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அப்பா போனதுக்கப்புறம் என்ன செய்யணும்னு யாராவது எழுதி வச்சதைக் கையில கொடுத்தாப் போதும்னு இருந்துச்சு.

மழைக்காலத்துல மரகதம் அக்கா எங்க சபைக்கு வந்தாங்க. புதுசு. பேரு கூட இன்னும் மாத்தல. அவங்க மக இசக்கி காய்ச்சல்ல போயிட்டா. ஒரே பிள்ளை. யாரோ கூட்டிட்டு வந்தாங்க, வந்து கடைசிப் பாயில உட்கார்ந்து அழுதுட்டுப் போவாங்க. பாட்டு கூட பாட மாட்டாங்க. பாஸ்டர் அவங்களுக்கு ஆத்துல ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறிச்சார். குறிக்கும்போதுதான் கழுத்தைப் பார்த்தார். நூல் மாதிரி ஒரு சங்கிலி. இசக்கி போட்டிருந்தது.

"ஐயா, இது நகை இல்லைய்யா"ன்னாங்க அந்த அக்கா. "அழகுக்காகப் போடல. ராத்திரி தொட்டுப் பார்க்கத்தான் போட்டிருக்கேன்."

பாஸ்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அவருக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. "புரியுதும்மா. ஆனா பொன்னுன்னுதான் எழுதியிருக்கு. எதுக்குப் போட்ட பொன்னுன்னு பிரிச்சு எழுதலையே."

அன்னைக்கு வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்த முகமே நினைப்பா இருந்துச்சு. அந்த வசனத்தை எடுத்து வாசிச்சேன். மறுபடி வாசிச்சேன். எதிர்ல என் தங்கச்சி கெத்சி உட்கார்ந்து சடை பின்னிக்கிட்டிருந்தா. முழுப்பேரு கெத்சீயாள், யோபுவோட மக பேரு. ரிப்பனை வாயில கடிச்சுக்கிட்டு, கண்ணாடியில கோணலாப் பார்த்துக்கிட்டு. எங்க வீட்ல, எங்க சபையில, எல்லாப் பெண்களும் சடைதான். பாஸ்டரம்மாவுக்கு இடுப்பு வரைக்கும் சடை. அப்பதான் எனக்குத் தோணிச்சு.

"ஏட்டி, இதுல பொன்னுக்கு முன்னாடி பின்னல் இருக்கு"ன்னேன்.

"ம்ம்?"ன்னா, வாயில ரிப்பன்.

"பின்னலை நாம கண்டுக்காம விட்டுட்டோம்ல? அப்ப மரகதம் அக்கா சங்கிலியையும் கண்டுக்காம விட்டுறலாம்ல? ரெண்டும் ஒரே வசனம்தானே."

ரிப்பனைத் துப்பிட்டா. "யண்ணே, உனக்கு இவ்வளவு மூளை இருக்கா? நாளைக்கே கேளு. நீ கேட்கலைன்னா நான் கேட்பேன்."

"பொம்பளைப் பிள்ளை சபையில பேசக்கூடாது. அதுவும் எழுதியிருக்கு."

"அப்ப நீதான் கேட்டாகணும்"ன்னு முடிச்சுட்டா.

கேட்டேன் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிச்சுட்டு பாஸ்டர் எப்பவும் "யாருக்காவது சந்தேகம் உண்டா?"ன்னு கேட்பார். யாரும் கேட்க மாட்டாங்க. அது ஜெபத்துக்கு எந்திக்கச் சொல்ற மாதிரி ஒரு பேச்சு. நான் எந்திச்சேன். "ஐயா, அந்த வசனத்துல பொன்னுக்கு முன்னாடி பின்னல் இருக்கே"ன்னேன்.

அவ்வளவுதான். மீதி வரல. 'ஆகையினால மரகதம் அக்காவை விட்டுறலாமே'ங்கிறதுதான் கேள்வி. அது நாக்குல வந்து நின்னுது. பாதிதான் வெளிய விழுந்துச்சு.

பாஸ்டர் கண்ணாடியை மாட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். வாசிச்சார், கண்ணாடியைக் கழற்றினார், அப்படியே முழங்கால் போட்டார். அழுதுட்டார் அண்ணாச்சி. "இத்தனை வருஷமா நான் பாதி வசனத்தைத்தான் பிரசங்கிச்சிருக்கேன். எனக்குப் பிடிச்ச பாதியை. ஆண்டவர் ஒரு சின்னப் பையன் வாயால கேட்டுட்டார்"ன்னார். எந்திச்சு வந்து என் தலையில கை வச்சார். சபையே ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னுது.

நீங்களே சொல்லுங்க. அவ்வளவு பெரிய மனுஷன், எங்க அப்பாவுக்கு வாந்தி ஏந்தின கை, என் தலைமேல இருக்கு. அந்த நேரத்துல 'ஐயா, நான் சொல்ல வந்தது வேற'ன்னு எப்படிச் சொல்றது? அந்தக் கை சூடா இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. அதை நான் மறைக்கல.

பெண்கள் பக்கம் ஒவ்வொருத்தரா ரிப்பனை அவுக்க ஆரம்பிச்சாங்க. பாஸ்டரம்மா முதல்ல. அவங்க முடி முதுகு பூரா விரிஞ்சு விழுந்ததைப் பார்த்து அவங்களுக்கே கூச்சம், முக்காட்டை இழுத்து மூடிக்கிட்டாங்க. மரகதம் அக்கா கூட அன்னைக்கே சங்கிலியைக் கழற்றிட்டாங்க. அது தனிக் கதை, அதை விடுங்க.

நம்ம கதைக்கு வருவோம். அடுத்த வாரம் இதுக்குன்னே ஒரு கூட்டம். எது பின்னல், எது பின்னல் இல்லைன்னு தீர்மானிக்கணும்ல? பேச உத்தரவு வாங்கிட்டு பாஸ்டரம்மா கேட்டாங்க, "கொண்டை போடலாமா?" பாஸ்டர் யோசிச்சார். "கொண்டை முடியுறது. பின்னுறது இல்லை. போடலாம்." "முடியை ரெண்டு காலாப் பிரிச்சு முறுக்கி விட்டா?" "அது முறுக்கு." சபையில மூப்பர் ஒருத்தர் இருக்கார், தானியேல் மூப்பர், ஊர்ல தேங்காய் கமிஷன் வியாபாரம். அவர் எந்திச்சு, "மூணு கால் போட்டாத்தான் பின்னல். எங்க வீட்ல கேட்டுட்டேன்"ன்னு சொன்னார். அதுவே தீர்மானமாச்சு.

அப்ப எலிசா சித்தி கையைத் தூக்கினாங்க. பனையோலைப் பெட்டி செஞ்சு பிழைக்கிறவங்க. "பேசலாமா ஐயா, வயித்துப்பாட்டு விஷயம். நான் தினமும் ஓலையைப் பின்னுறேனே, அது பாவத்துல சேருமா?"

யாரும் சிரிக்கல. பாஸ்டரும் சிரிக்கல. "நீங்க அந்த வேலையை என்னன்னு சொல்லுவீங்க?"ன்னார்.

"பெட்டி முடையுறதுன்னு சொல்லுவோம்."

"அப்ப தாராளமா முடைங்க. முடையுறதைப் பத்தி ஒண்ணும் எழுதல."

அந்தக் கூட்டத்துலதான் என்னை வாலிபர் தலைவராப் போட்டாங்க. ஆராதனையில வசனம் வாசிக்கிற வேலை எனக்கு. என் சத்தம் பத்தாதுன்னு பாஸ்டர் தூத்துக்குடிக்குப் போய் ஒரு வயரில்லாத மைக் வாங்கிட்டு வந்தார். முதல் தடவை அதுல வாசிச்சப்ப யாரோ வேற ஆள் வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டுச்சாம்.

சரி, பெரியவங்களுக்குக் கொண்டை. பிள்ளைங்களுக்கு? உங்க மக படிக்கிற பள்ளிக்கூடம்தானே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரட்டைச் சடை, மடிச்சுக் கட்டி, சிவப்பு ரிப்பன். கெத்சி திங்கட்கிழமை கொண்டையோட போனா. வாசல்ல நிக்கிற பி.டி. டீச்சர் பிடிச்சு, தலைமையாசிரியை சண்முகக்கனி டீச்சர்கிட்ட நிறுத்திட்டாங்க.

"கொண்டை போட்டு வர்றதுக்கு உனக்கென்ன கல்யாணமா ஆயிருச்சு?"ன்னு கேட்டாங்களாம் டீச்சர்.

எங்க அம்மா போய்க் கெஞ்சினாங்க. நானும் கூடப் போனேன், கதவுக்கு வெளிய நின்னேன். அம்மா "வேதத்துல எழுதியிருக்கு டீச்சர்"ன்னாங்க. டீச்சர் மேஜையில இருந்த பள்ளிக்கூட டைரியை எடுத்துக் காட்டினாங்க. "இதுலயும் எழுதியிருக்கும்மா. சடைன்னா சடை. உங்க பிள்ளைக்கு மட்டும் நான் மாத்தினா நாளைக்கு ஒருத்தி குதிரைவாலோட வருவா. பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சை வருது, நல்லாப் படிக்கிற பிள்ளை. நாளைக்குச் சடையோட வரட்டும். இல்லைன்னா வீட்லயே இருக்கட்டும்." அம்மா சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு வெளிய வந்தாங்க. அந்த டீச்சரம்மாவும் கெட்டவங்க இல்லை அண்ணாச்சி. பாஸ்டரும் டீச்சரும் ஒரே வீட்ல பிறந்திருக்க வேண்டியவங்க.

மூணு நாலு நாள் கெத்சி வீட்ல இருந்தா. புத்தகத்தை எடுக்கவும் இல்லை, மூடவும் இல்லை. என்கிட்ட வந்து, "அண்ணே, பாஸ்டர்கிட்டப் போய் நீ எதுக்குக் கேட்டன்னு சொல்லு. ஒரு வாக்கியம்தானே. மரகதம் அக்காவுக்காகக் கேட்டேன், கட்டுறதுக்கு இல்லை, அவுத்து விடுறதுக்குக் கேட்டேன்னு சொல்லு"ன்னா.

"சொல்றேன். இந்த ஞாயிறு கழியட்டும்"ன்னேன்.

அந்த ஞாயிறு கழிஞ்சுது. பிறகு கிறிஸ்துமஸ் வந்துருச்சு, நல்ல நாளும் அதுவுமா எப்படிப் பேச? பிறகு புதுவருஷ ஆராதனை. பிறகு பாஸ்டருக்கு இடுப்பு வலி. சொல்லக்கூடாதுன்னு இல்லை அண்ணாச்சி. நேரம் அமையல.

கெத்சி காத்திருக்கல. அவ சிநேகிதி தஸ்லிமா வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடித் தெரு. காலையில வீட்ல இருந்து கொண்டையோட கிளம்புவா. நேரா அங்க போவா. தஸ்லிமாவோட அம்மா ரெண்டு பிள்ளைங்களையும் முன்னாடி பின்னாடியா உட்கார வச்சு ஒரே சீப்பால பின்னி விடுவாங்க. சாயங்காலம் மறுபடி அங்க போய் அவுத்து, கொண்டை போட்டுக்கிட்டு பஸ் ஏறுவா. தினம் பின்னுறது, தினம் அவுக்குறது. எனக்குத் தெரியும். ஒரு நாள் கடைக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது அந்தத் தெருவுல பார்த்தேன். சைக்கிள்ல தஸ்லிமா, பின்னாடி கெத்சி, ரெண்டு சடையும் காத்துல ஆடுது. என்னைப் பார்த்ததும் அவ சிரிப்பு நின்னுச்சு. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. அந்த மட்டுக்கும் நான் அவளுக்கு நல்லதுதான் செஞ்சேன். இல்லையா?

காட்டிக் கொடுத்தது நான் இல்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுட்டாங்க, பஸ்ஸும் வந்துருச்சு, அவுக்க நேரமில்லாம அப்படியே ஏறிட்டா. பஸ்ல தானியேல் மூப்பர் பொண்டாட்டி. வேற என்ன வேணும்?

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவளை எழுப்பி நிறுத்தினார். கோபமா இல்லை. அவர் யாரையும் கோபமாக் கேட்க மாட்டார். "மகளே, தலை பின்னினியா?"

கெத்சி நிமிர்ந்து பார்த்தா. "இல்லைங்கய்யா. தஸ்லிமாவோட அம்மா என் தலையை முடைஞ்சாங்க. முடையுறதைப் பத்தி ஒண்ணும் எழுதலைன்னு நீங்கதானே சொன்னீங்க."

எலிசா சித்திக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. முந்தானையை வாயில வச்சு இருமுற மாதிரி இருமினாங்க. பின்வரிசையில இன்னும் ரெண்டு பேருக்கு இருமல். எனக்கும் வந்துச்சு அண்ணாச்சி. அந்த ஒரு நிமிஷம் எல்லாமே லேசா ஆயிரும்போல இருந்துச்சு. பாஸ்டர் வாய் ஓரம் கூட லேசாத் துடிச்சுது, நான் பார்த்தேன். பிறகு மூப்பர் தொண்டையைக் கனைச்சார். பாஸ்டர் முகம் மாறிப்போச்சு.

"யாபேஸ், வசனத்தை வாசி"ன்னார்.

மைக்கை எடுத்தேன். வாசிச்சேன். நல்லாத்தான் வாசிச்சேன், ஒரு எழுத்து பிசகல. வாசிக்கும்போது கெத்சி என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. அவ கண்ணுல பயம் இல்லை. 'இப்பச் சொல்லிருவான்'னு காத்துக்கிட்டிருக்கிற கண்ணு. வாசிச்சு முடிச்சேன். மைக் கையில இருந்துச்சு. பச்சை விளக்கு எரியுது. சபை பூரா என்னைப் பார்க்குது. அந்த மீதிப் பாதி, மழைக்காலத்துல இருந்து என் வாய்க்குள்ள கிடக்கிற பாதி, அதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் அமையுமா? மைக்கை வாய்க்குக் கொண்டு போனேன்.

"ஆமென்"னு சொல்லி உட்கார்ந்துட்டேன்.

மறுநாள் காலையில சலூன்ல இருந்து சுடலைமுத்து அண்ணன் போன் பண்ணினார். எனக்குச் சின்ன வயசுல இருந்து அவர்தான் முடி வெட்டுறது. "லேய் யாபேசு, உன் தங்கச்சி வந்து நாற்காலியில ஏறி உட்கார்ந்துருச்சு. பொம்பளைப் பிள்ளைக்கு நான் வெட்டினதில்லை தாயின்னேன். 'எங்க அண்ணனுக்கு எப்படி வெட்டுவீங்களோ அப்படியே வெட்டுங்க'ன்னு கண்ணை மூடிக்கிச்சு. நான் வெட்டிட்டேன்லே. வெட்டலைன்னா கத்தரிக்கோலைத் தானே எடுத்திருக்கும்"ன்னார். பிறகு, "ஏன் தாயி இப்படின்னு கேட்டேன். 'இனிமே பின்னவும் வேண்டாம், அவுக்கவும் வேண்டாம்லாண்ணே'ன்னுச்சு. நீங்க வீட்ல அந்தப் பிள்ளையை என்னலே செஞ்சீங்க?"ன்னார்.

ரெண்டு சடை. ரிப்பனோட. முந்தின நாள் ராத்திரி பின்னினது. சுடலைமுத்து அண்ணன் பேப்பர்ல சுத்திக் கொடுத்துவிட்டிருந்தார். அம்மா அழுது ஓய்ஞ்சதும், நல்ல நீளமான முடி, சவுரிக்கு ஆகும்னு எடுத்து வச்சாங்க. அப்புறம்தான் அவங்களுக்கு உறைச்சுது, சவுரியை வச்சு எதைப் பின்ன? தூரப் போடவும் மனசு வரல. பீரோவுல அந்தக் கம்மல் டப்பாவுக்குப் பக்கத்துல இருக்கு.

பள்ளிக்கூடத்துல சண்முகக்கனி டீச்சர் அவளை ஒரு சுத்து சுத்தி வந்து பார்த்தாங்களாம். டைரியைப் புரட்டினாங்களாம். "முடி இல்லாதவளைப் பத்தி இதுல ஒண்ணும் போடல. உள்ள போ"ன்னாங்களாம். அன்னைக்கு மத்தியானம் தன் சாப்பாட்டுல இருந்து ஒரு முட்டையை எடுத்து அவ டப்பாவுல வச்சாங்களாம். தஸ்லிமா எங்க அம்மாகிட்டச் சொன்னது. கெத்சி சொல்லல.

பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். தரையில உட்கார்ந்தார், நாற்காலி போட்டும் உட்காரல. "பெண் முடியைக் கத்தரிக்கிறது அவளுக்கு வெட்கம்னு எழுதியிருக்கே தாயி, நான் என்ன செய்ய"ன்னு அம்மாகிட்டக் கேட்டார். நிஜமாவே கேட்டார், அண்ணாச்சி. யாராவது ஏதாவது சொல்ல மாட்டாங்களான்னு என் முகத்தையும் பார்த்தார். நான் அவருக்குக் காப்பி எடுத்துட்டு வரப் போயிட்டேன். முடி தோளைத் தொடுற வரைக்கும் அவ சபைக்குள்ள வர வேண்டாம்னு முடிவாச்சு. உள்ரூம்ல இருந்து கெத்சி கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. "எந்தத் தோளு? வலதா இடதா?"ன்னா. அதுக்கப்புறம் வீட்ல அவ பேசுறது அம்மாகிட்ட மட்டும்தான். ஒவ்வொரு ஞாயிறும் அவ பேரைச் சொல்லி சபையில ஜெபம் பண்றாங்க. பேரை வாசிக்கிறது நான்தான். மைக்ல.

அவளுக்கு என்மேல என்ன கோபம்னா, நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்னு. அப்படித்தான் நான் நினைக்கிறேன். கேள்வி கேட்கிறது ஒரு தப்பா? அவதானே கேட்கச் சொன்னா. நான் யார் சடையையும் அவுக்கச் சொல்லல, யாரையும் முடி வெட்டச் சொல்லல. ஒரு பாதிக் கேள்விதான். ஆனா பாருங்க, கடையில ஸ்கிரீன் கார்டு ஒட்டினா உள்ள காத்துக் குமிழி நின்னுருது. முதலாளி "பிய்ச்சுட்டு வேற ஒட்டுலே"ங்கிறார்.

இன்னைக்குக் கடைசிப் பரீட்சை. இதுக்கு மேல அவ எங்க படிக்கப் போவாளோ, மெட்ராஸோ கோயம்புத்தூரோ. அதனாலதான் கடைக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். வர்ற ஞாயிறு மைக்கைப் பிடிச்சு அந்த மீதிப் பாதியைச் சொல்லிருவேன்னு அவகிட்டச் சொல்லிரணும். இந்தா, ரோஸ்மில்க் கூட வாங்கி வச்சிருக்கேன், அவளுக்குப் பிடிக்கும். சில்லுன்னு வாங்கினேன், உங்ககிட்டப் பேசிப் பேசி சூடாயிருச்சு.

மணி அடிச்சுட்டாங்க. வர்றாங்க பாருங்க. எவ்வளவு சடை. எல்லாம் ஒரே அச்சு. அந்தா, நடுவுல. கிராப்பு. ஏட்டி... கெத்சி. கேட்கல. கெத்சி! திரும்பிட்டா. ஒரு நிமிஷம் அண்ணாச்சி, இந்தா வந்துடுறேன்.

வந்துட்டேன். போயிட்டாங்க. அந்தா, கெத்சி ஏரல் பஸ்ல ஏறுறா பாருங்க.

பாட்டிலை வாங்கிக்கிட்டா. வாங்கித் தஸ்லிமாகிட்டக் கொடுத்துட்டா. பிறகு என்னைப் பார்த்து, "சொல்லிட்டியா?"ன்னா. எத்தனை நாளைக்கப்புறம் பேசுறா, அந்த ஒரு வார்த்தைதான்.

"வர்ற ஞாயிறு சொல்லிருவேன்"ன்னேன்.

"எந்த வருஷத்து ஞாயிறு?"ன்னா. தஸ்லிமா சிரிச்சுட்டா. கெத்சி சிரிக்கல. பரீட்சை எப்படி எழுதினன்னு கேட்கலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள ரோட்டைத் தாண்டிட்டா. பஸ் படியில நிக்கிறா பாருங்க, பின்கழுத்து. சின்னப் பிள்ளையில இருந்து சடைக்குள்ளயே இருந்த இடம், வெயில் படாத இடம், இப்பக் கறுத்துப் போச்சு.

உங்க மகளும் வந்துட்டா. கூடுதல் பேப்பர் வாங்கி எழுதியிருப்பா, அதான் கடைசி. வாம்மா. உங்க வீட்ல நல்லாப் பின்னியிருக்காங்க அண்ணாச்சி, ஒரு முடி வெளிய வரல.

என்ன அண்ணாச்சி? எதைக் கேட்கிறீங்க?

சங்கிலியா?

அதான் சொன்னேனே, மரகதம் அக்கா அன்னைக்கே கழற்றிட்டாங்கன்னு. இப்ப எங்க இருக்குன்னா... எல்லாரும் ரிப்பனை அவுத்தாங்கல்ல. அந்த அக்காவுக்கு அவுக்கச் சடை இல்லை. மக போனதுல இருந்து தலை வாரவே இல்லை, சும்மா முடிஞ்சு வச்சிருந்தாங்க. எல்லாரும் ஏதோ ஒண்ணை விடுறாங்க, நாம மட்டும் பிடிச்சுக்கிட்டு இருக்கோமேன்னு நினைச்சிருப்பாங்க போல. சங்கிலியைக் கழற்றிக் கைக்குள்ள பொத்தி வச்சிருந்தாங்க. காணிக்கைப் பை வந்தப்ப அதுல விட்டுட்டாங்க. காசு விழுந்தா சத்தம் கேட்கும் அண்ணாச்சி. இது கேட்கல. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நான் ஏதோ அவங்களுக்கு நல்லது சொல்லிக் கொடுத்த மாதிரி.

பையைப் பிடிச்சிருந்தது நான்தான்.

ஞானஸ்நானத்துக்கு அவங்க வரல. அதுக்கப்புறம் சபைக்கும் வரல. வீடு தெரியும். எங்க தெருவுக்கு அடுத்த தெருதான். போகணும்னு... போனதில்லை. ராத்திரி எதைத் தொட்டுப் பார்ப்பாங்கன்னு நான் யோசிச்சதே இல்லை அண்ணாச்சி, நீங்க கேட்கிற வரைக்கும்.

கிளம்பிட்டீங்களா? சரி, பிள்ளை பசியோட நிக்கும். போயிட்டு வாங்க.

அண்ணாச்சி.

உம் கொட்டலையே நீங்க.